வாடகை வீட்டில் மின்சார ஹீட்டர்: பில் எங்கே ஏறுகிறது?

குளிர் பிரதேசத்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் குழாயைத் திறந்து தண்ணீரின் வேகத்தைப் பார்க்கிறோம். ஜன்னலருகே நின்று வெளிச்சம் எப்படி என்று பார்க்கிறோம். அறையைச் சூடாக்கச் சுவரில் மாட்டியிருக்கும் ஹீட்டரை மட்டும் இருக்கிறதா என்று பார்த்ததோடு விட்டுவிடுகிறோம். வாடகைக்கு அடுத்தபடியாக மாதாமாதம் கொடுக்கப்போகும் பெரிய தொகை அந்த வெள்ளைப் பெட்டி வழியாகத்தான் வரப்போகிறது என்பது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது யாருக்கும் தோன்றுவதில்லை. முதல் குளிர்காலத்து பில் வந்தபிறகு தோன்றும்.

அப்படி பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள்: "அண்ணே, வேற நல்ல ஹீட்டரா வாங்கினா கரண்ட் குறையுமா?" குறையாது என்றுதான் நான் சொல்கிறேன். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். ஹீட்டரை மாற்றுவதில் பணத்தைப் போடுவதற்கு முன், வீடு மணிக்கு எவ்வளவு சூட்டை வெளியே விடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பில்லின் பெரும்பகுதி அங்கேதான் ஏறுகிறது. வாடகை வீட்டில் அந்தக் கசிவை அடைக்கும் உரிமை ஒருவரிடமும் பணம் கட்டும் கடமை இன்னொருவரிடமும் இருக்கிறது. இந்த விஷயத்தின் சிக்கல் முழுவதும் இதற்குள் அடங்கிவிடும்.

ஒரு யூனிட் என்பது என்ன?

மீட்டரில் ஓடும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. 1000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் நிற்காமல் எரிந்தால் ஒரு யூனிட். 2000 வாட் ஹீட்டர் அரை மணியில் அதே ஒரு யூனிட்டை முடித்துவிடும். கம்பியில் மின்சாரம் பாயும்போது எவ்வளவு சூடு பிறக்கிறது என்பதை 1840களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஜூல் அளந்து சொன்னார். மின்னோட்டத்தின் இருமடியையும் கம்பியின் தடையையும் பெருக்கினால் வரும் அளவு அது. 1906இல் ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலையும் குரோமியத்தையும் சேர்த்து, சிவக்கச் சிவக்கச் சூடேறினாலும் சீக்கிரம் அரித்துப் போகாத ஒரு கலவைக்குக் காப்புரிமை வாங்கினார். நிக்ரோம் என்ற அந்தக் கம்பியும் அதன் உறவுக் கலவைகளும்தான் இன்றுவரை ஹீட்டர்களுக்குள் சுருண்டு கிடக்கின்றன.

ஃபேன் வைத்து ஊதும் ஹீட்டர், எண்ணெய் நிரப்பிய ஆயில் ஹீட்டர், சுவரில் பதித்த பேனல், தரைக்கடியில் ஓடும் கம்பி, சிவப்பாக ஒளிரும் குழாய் என்று எதை வாங்கினாலும் உள்ளே நடப்பது ஜூல் அளந்த அதே வேலை. ஒரு யூனிட் மின்சாரம் உள்ளே போனால் ஒரு யூனிட் சூடு வெளியே வரும். ஃபேனைச் சுற்றவைக்கும் மின்சாரமும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் முடியும். அதனால் "இந்த மாடல் பாதி கரண்டில் அதே சூட்டைத் தரும்" என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள். பாதி கரண்ட் என்றால் சூடும் பாதிதான்.

ஆனால் சுகம் எல்லாவற்றிலும் ஒன்றல்ல. ஆயில் ஹீட்டரில் எண்ணெய் எரிவதில்லை. சூட்டைப் பிடித்துவைத்து மெதுவாக விடுவதுதான் அதன் வேலை, அதனால் அறை ஒரே சீராக இருக்கும். ஃபேன் ஹீட்டர் ஐந்து நிமிடத்தில் கதகதப்பாக்கும், அணைத்த ஐந்தாவது நிமிடத்தில் குளிரும். குளியலறைக்கு அது சரி, படுக்கையறைக்குச் சரிப்படாது. ஒளிரும் வகை காற்றைவிட எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளை நேராகச் சுடவைக்கிறது. ஒருவர் மேசை முன்னால் அசையாமல் வேலை பார்க்கும் அறையில், மொத்த அறையையும் சூடாக்காமல் அவரை மட்டும் கதகதப்பாக வைத்திருக்க அது உதவும். அந்த விதத்தில்தான் அதில் மிச்சம் பிடிக்க முடியும்.

கரண்ட் யூனிட் ஏன் இவ்வளவு விலை என்ற கேள்வியும் இங்கேயே வரும். பல நாடுகளில் வீட்டில் எரிக்கும் எரிவாயுவை யூனிட் கணக்கில் பார்த்தால் மின்சாரத்தைவிடப் பல மடங்கு மலிவு. எரிபொருளை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களில், பிறக்கும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி அல்லது சற்று கூடுதல் வரைதான் மின்சாரமாக மாறுகிறது. கம்பி, கோபுரம், பராமரிப்பு என்று மற்ற செலவுகளும் யூனிட் விலையில் ஏறுகின்றன. அதை மறுபடி வீட்டில் வெறும் சூடாக மாற்றினால், அந்தச் செலவு முழுவதையும் நாம் சூட்டுக்காகக் கொடுக்கிறோம்.

ஓட்டைக் குடம்

கைக்கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள அறை. மூன்று பக்கமும் மேலும் கீழும் சூடான அறைகள். 4 மீட்டர் நீளச் சுவர் ஒன்று மட்டும் வெளிப்பக்கம். அதில் 2 சதுர மீட்டர் ஜன்னல். வெளியே 5 டிகிரி, உள்ளே 20 டிகிரி, வித்தியாசம் 15.

ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, ஏறத்தாழ 5 வாட் சூட்டை வெளியே விடும். 2 சதுர மீட்டரை 5ஆலும் 15ஆலும் பெருக்கினால் 150 வாட். சூட்டைத் தடுக்கும் காப்பு எதுவும் இல்லாத கெட்டிச் செங்கல் சுவர் அதே கணக்கில் சுமார் 2 வாட் விடும். 8 சதுர மீட்டருக்கு 240 வாட். அடுத்தது காற்று. இடுக்குகள் வழியாக அறையின் மொத்தக் காற்றும் மணிக்கொரு தரம் மாறுகிறது என்றால், 30 கன மீட்டர் காற்றை 15 டிகிரி ஏற்ற 150 வாட் போய்விடும். மூன்றையும் கூட்டினால் 540 வாட். இரவும் பகலும் 20 டிகிரியிலேயே வைத்திருந்தால் நாளுக்கு 13 யூனிட், மாதத்துக்கு 390 யூனிட். ஓர் அறைக்கு மட்டும்.

இப்போது அதே அளவு அறை, நல்ல கட்டடம். இரட்டைக் கண்ணாடி ஜன்னல் 1.3 வாட், காப்பு வைத்த சுவர் 0.3 வாட், காற்று மாறுவது இரண்டு மணிக்கொரு தரம். ஜன்னலுக்கு 39, சுவருக்கு 36, காற்றுக்கு 75 என்று மொத்தம் 150 வாட்தான். நாளுக்கு 3.6 யூனிட். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடம்பே சுமார் 100 வாட் சூட்டை வெளியிடுகிறது. அந்த அறையில் ஒருவர் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்த்தால் ஹீட்டர் பெரும்பாலான நேரம் சும்மாவே இருக்கும்.

ஒரே ஹீட்டர், ஒரே டிகிரி, ஒரே யூனிட் விலை. ஆனாலும் பில்லில் மூன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம். முதல் வீட்டில் இருப்பவர் ஊதாரியும் இல்லை, இரண்டாவது வீட்டில் இருப்பவர் சிக்கனக்காரரும் இல்லை. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கும் ஒருவரிடம் "ஏன் இவ்வளவு தண்ணீர் செலவழிக்கிறாய்" என்று கேட்பதில் எனக்கு எப்போதும் வருத்தம் உண்டு. குளிர்காலம் தொடங்கினாலே "ஹீட்டரைக் குறைத்து வையுங்கள்" என்று எல்லாரும் குடியிருப்பவரைப் பார்த்தே சொல்கிறார்கள்.

அடுக்குமாடியில் இன்னொன்றும் இருக்கிறது. நடுமாடியில், நடு வரிசையில் இருக்கும் ஃபிளாட்டுக்கு வெளிச்சுவர் குறைவு. மேல்மாடி மூலை ஃபிளாட்டுக்கு இரண்டு மூன்று சுவர்களோடு கூரையும் வெளிப்பக்கம். கீழ்வீடு பூட்டிக் கிடந்தால் நம் தரை வழியாகச் சூடு அங்கே இறங்கிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டில் குடிவந்தபிறகு நம் பில் குறைந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

டிக், டிக்

வீடு எவ்வளவு கசிகிறது என்று கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம், காது போதும். இது நான் ஒரு வாடகை வீட்டில் செய்து பார்த்தது. காற்றில்லாத ஓர் இரவு, மற்ற ஹீட்டர்களை எல்லாம் அணைத்து, கதவைச் சாத்தி, 2000 வாட் ஆயில் ஹீட்டர் ஒன்றை மட்டும் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அறை சூடாகி நிலைபெற்றபிறகு தெர்மோஸ்டாட் தானாக அணையும், தானாக எரியும். ஒவ்வொரு தடவையும் "டிக்" என்று சத்தம் வரும். ஒரு தாளில் நேரத்தைக் குறித்துக்கொண்டே வந்தேன். ஒரு மணி நேரம் பார்த்ததில், சராசரியாக 4 நிமிடம் எரிந்து 6 நிமிடம் அணைந்திருந்தது. பத்துக்கு நான்கு, அதாவது 2000 வாட்டில் 800 வாட். உள்ளே 19 டிகிரி, வெளியே 3. 800ஐ 16ஆல் வகுத்தால் 50. அந்த அறை ஒவ்வொரு டிகிரிக்கும் 50 வாட் விடுகிறது. நாள் முழுவதும் ஒரு டிகிரி கூடுதலாக வைத்தால் 1.2 யூனிட்.

அந்த ஓர் எண் கையில் இருந்தால் பேச்சே மாறிவிடும். "வீடு ரொம்பக் குளிருது சார்" என்று சொல்வதற்கும், "இந்த அறையை 19 டிகிரியில் வைக்க நாளுக்கு 19 யூனிட் ஆகிறது சார், இதோ குறிப்பு" என்று சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. பிளக்குக்கும் ஹீட்டருக்கும் நடுவே மாட்டும் சின்ன மின் அளவி கிடைத்தால் இன்னும் துல்லியம்.

பில்லில் எவ்வளவு சூட்டுக்குப் போகிறது என்று பிரிப்பதும் எளிது. ஹீட்டர் போடாத மாதத்தில் நாளுக்கு எத்தனை யூனிட் என்று மீட்டரைப் பார்த்து எழுதி வைக்கவேண்டும். அது 6 என்றும், குளிர் மாதத்தில் 24 என்றும் வந்தால், நடுவில் உள்ள 18 ஏறத்தாழச் சூட்டுக்கானது. முழுவதும் அறைச்சூடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீரே சில்லென்று வருவதால் கெய்சரும் கூடுதலாக இழுக்கும். 60 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி ஏற்ற 2.1 யூனிட் ஆகும். நான்கு பேர் குளித்தால் நாளுக்கு 8 யூனிட்டைத் தாண்டும். ஹீட்டர்மேல் போடும் பழியில் பாதி சில வீடுகளில் குளியலறைக்குச் சேரவேண்டியது.

பில்லில் எழுதியிருக்கும் ரீடிங் உண்மையில் எடுத்ததா, உத்தேசமாகப் போட்டதா என்றும் பாருங்கள். உத்தேசத்தில் கோடை முழுவதும் குறைவாகக் கட்டிவிட்டு, ஒருநாள் மொத்தமாக நிலுவை வந்து நிற்கும்போது, ஹீட்டர்தான் இழுத்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். குடிவரும் அன்றே மீட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது பின்னால் பல சண்டைகளைத் தவிர்க்கும்.

அணைத்துவிட்டுப் போகலாமா?

"நாள் முழுக்க குறைவாக எரியவிட்டால்தான் சிக்கனம், அணைத்து அணைத்துப் போட்டால் மறுபடி சூடாக்க அதிகம் இழுக்கும்" என்ற நம்பிக்கை எங்கும் இருக்கிறது. சாதாரண ஹீட்டருக்கு அது தவறு. ஒரு பொருள் சூட்டை இழக்கும் வேகம் அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது என்று நியூட்டன் 1701இலேயே எழுதிவிட்டார். அறை ஆற ஆற, கசிவும் குறையும். இரவு எட்டு மணி நேரம் அணைத்துவைத்து, அறை 20இலிருந்து 14க்கு இறங்கி, அந்த நேரத்துச் சராசரி 16 என்று வைத்துக்கொள்வோம். வெளியே 5 டிகிரி என்றால் வித்தியாசம் 15க்குப் பதில் 11. அந்த எட்டு மணி நேரத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். காலையில் மறுபடி ஏற்றும் சூடு, இரவு சுவரும் காற்றும் இழந்ததைத் திரும்பக் கொடுப்பதுதான். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

ஒரு டிகிரி குறைத்தால் எவ்வளவு மிச்சம் என்பதும் இதே கணக்கு. வித்தியாசம் 15 என்றால் பதினைந்தில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 7 சதவீதம்.

ஆனால் குறைத்துக்கொண்டே போவதற்கு ஓர் எல்லை உண்டு, அதை அழுத்திச் சொல்லவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டுதலில், குளிர் பிரதேசங்களில் வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்கவேண்டும் என்றும், முதியவர்களும் குழந்தைகளும் நோயாளிகளும் இருந்தால் அதற்கு மேலும் தேவைப்படலாம் என்றும் சொல்கிறது. வயதான அம்மா இருக்கும் வீட்டில் 14 டிகிரியில் சமாளிப்பதற்குச் சிக்கனம் என்று பெயர் வைக்கக் கூடாது. இரத்த அழுத்தமும் மூச்சுத் தொல்லையும் அங்கே காத்திருக்கின்றன.

இரண்டாவது எல்லை ஈரம். 20 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 12 டிகிரிக்குக் குளிர்ந்த இடத்தைத் தொட்டால் நீராகப் படியும். அலமாரிக்குப் பின்னால் இருக்கும் வெளிச்சுவர் மூலை எளிதாக 12 டிகிரிக்கு இறங்கும். அங்கே முதலில் நனைவு, பிறகு கறுப்புப் புள்ளிகள், பிறகு பூஞ்சை. "நீங்கள் ஜன்னல் திறப்பதில்லை" என்று உரிமையாளர் சொல்வார், "சுவரே அப்படி" என்று குடியிருப்பவர் சொல்வார். இருவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை இருக்கும்.

ஜன்னல் திறந்தால் சூடு வீணாகிவிடுமே என்ற பயத்துக்கும் ஒரு கணக்கு சொல்கிறேன். நாம் எடுத்துக்கொண்ட அறையின் மொத்தக் காற்றையும் ஒரு தடவை மாற்ற 0.15 யூனிட்தான் செலவு. ஐந்து பத்து நிமிடம் அகலத் திறந்து சாத்தினால் காற்று மாறிவிடும், சுவரில் உள்ள சூடு அப்படியே இருக்கும். இரவு முழுவதும் ஒரு விரல்கடை திறந்து வைத்தால் கதை வேறு. காற்றோடு சுவரும் ஆறிப்போகும். மாறாக, துவைத்த துணியை அறைக்குள் காயவைப்பது யாரும் கவனிக்காத செலவு. ஒரு லிட்டர் நீர் ஆவியாக 0.68 யூனிட் சூடு வேண்டும். ஒரு தொட்டித் துணியிலிருந்து 2 லிட்டர் ஈரம் போனால் 1.4 யூனிட்டை அறையிலிருந்து உறிஞ்சிக்கொண்டு, அந்த ஈரத்தையும் சுவரில் கொண்டுபோய் வைக்கும்.

அந்த ஒரு விதிவிலக்கு

ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட்தான் சூடு என்ற விதி மீறப்படும் இடம் ஹீட் பம்ப். அது சூட்டை உண்டாக்குவதில்லை, வெளியே இருக்கும் சூட்டை அள்ளி உள்ளே கொண்டுவருகிறது. குளிர்ந்த காற்றிலும் அள்ளுவதற்குச் சூடு இருக்கிறது என்பது கேட்கப் புதிதாக இருந்தாலும், கெல்வின் பிரபு என்று பின்னால் அறியப்பட்ட வில்லியம் தாம்சன் 1852இலேயே இந்த வழியில் கட்டடங்களைச் சூடாக்கலாம் என்று விளக்கினார். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2 முதல் 4 யூனிட் வரை சூடு கிடைக்கும். வெளியே குளிர் கூடக் கூட இந்த எண் இறங்கும்.

பல வாடகை ஃபிளாட்டுகளில் ஸ்ப்ளிட் ஏசி ஏற்கெனவே மாட்டியிருக்கும். அதைக் கோடைக்கு மட்டும் என்று நினைத்து, குளிர்காலத்தில் உறை போட்டு மூடிவிட்டு, கீழே ஃபேன் ஹீட்டரை எரியவிடுகிறார்கள். ரிமோட்டில் சூரியன் படமோ "ஹீட்" என்ற எழுத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த ஏசியே ஒரு ஹீட் பம்ப். 390 யூனிட் தேவைப்பட்ட அறைக்கு 130 யூனிட் போதும், சராசரி மூன்று கிடைத்தால். இந்த ஒரு பொத்தானைவிடப் பெரிய மிச்சத்தை வேறெதுவும் குடியிருப்பவரின் கைக்குத் தராது. ஒரே குழாயை ஜன்னலில் செருகும் உருட்டு ஏசியைத் தவிருங்கள். அது அறைக்காற்றை வெளியே ஊதித் தள்ளுவதால், அந்த இடத்தை நிரப்பக் குளிர்காற்று இடுக்குகள் வழியாக உள்ளே வரும்.

இரவுச் சேமிப்பு ஹீட்டர் என்று ஒரு வகையும் உண்டு. உள்ளே கனமான செங்கற்கள். இரவில் மலிவான நேரத்தில் அவை சூடேறி, பகலில் மெல்ல வெளியே விடும். இதில் யூனிட் குறைவதில்லை, யூனிட்டின் விலைதான் குறைகிறது. அதனால் வீட்டு மீட்டருக்கு இரவு விலை, பகல் விலை என்று தனித்தனிக் கட்டணம் இருக்கவேண்டும். முன்பு குடியிருந்தவர் அதை ஒற்றை விலைக்கு மாற்றிவிட்டுப் போயிருந்தால், இந்தச் செங்கல் பெட்டியால் ஒரு பயனும் இல்லை. இரண்டு குமிழ்களில் ஒன்று எவ்வளவு ஏற்றவேண்டும் என்பதற்கு, மற்றது எவ்வளவு வேகமாக விடவேண்டும் என்பதற்கு. விடும் குமிழை இரவிலும் முழுக்கத் திறந்து வைத்தால், காலையில் எல்லாம் தீர்ந்து, மாலை வீடு திரும்பும்போது வெறும் செங்கல்தான் இருக்கும்.

யார் போடவேண்டிய செலவு?

வீட்டு உரிமையாளர் ஏன் மின்சார ஹீட்டரை விரும்புகிறார் என்பது புரியக்கூடியதுதான். குழாய் வேண்டாம், புகைபோக்கி வேண்டாம், கொதிகலனுக்கு வருடாந்தரப் பரிசோதனை வேண்டாம். பெட்டியை மாட்டிக் கம்பியை இணைத்தால் முடிந்தது. வாங்கும் விலை குறைவு, ஓட்டும் செலவு அதிகம். முதல் செலவு அவருடையது, இரண்டாவது நம்முடையது. ஜன்னலை மாற்றினால் பணம் போடுபவர் அவர், பில் குறைவது நமக்கு. நாம் மாற்றலாம் என்றால், அடுத்த வருடம் காலிசெய்துவிட்டால் போட்ட காசு சுவரோடு நின்றுவிடும். இருவரும் நியாயமாகவே யோசித்தாலும், ஜன்னல் மாறாமலேயே இருக்கும். பொருளாதாரத்தில் இதைப் பிரிந்துபோன ஆதாயம் என்ற பொருளில் குறிப்பிடுகிறார்கள்.

இதைத் தனிமனிதர்களின் நல்ல மனசுக்கு விட்டால் தீராது என்று உணர்ந்துதான் அரசுகள் உள்ளே வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் கொண்டுவந்த கட்டட ஆற்றல் நெறிமுறை, வாடகைக்கு விடும்போது வீட்டின் ஆற்றல் சான்றிதழைக் காட்டவேண்டும் என்றது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2018 ஏப்ரல் முதல், விலக்குகள் நீங்கலாக, சான்றிதழில் எஃப், ஜி என்ற கடைசி இரண்டு தரங்களில் உள்ள வீடுகளைப் புதிதாக வாடகைக்கு விட முடியாது. பிரான்சில் 2025 ஜனவரி முதல் ஜி தர வீடுகளுக்குப் புதிய வாடகை ஒப்பந்தம் போடக்கூடாது. இந்த விதிகள் எனக்கு நியாயமாகவே படுகின்றன. கசியும் வீட்டை விற்பவர் அதை மறைக்க முடியாது என்றால், வாடகைக்கு விடுபவருக்கும் அது பொருந்தவேண்டும்.

இப்படிப்பட்ட சட்டம் இல்லாத இடத்திலும் கேட்பதற்குத் தடையில்லை. வீடு பார்க்கும்போது, போன வருடம் குளிர் மாதங்களில் எத்தனை யூனிட் ஓடியது என்று கேளுங்கள். தொகையைக் கேட்டால் விலை மாறிவிட்டது என்பார்கள், யூனிட் மாறாது. மீட்டர் தனியாக இருக்கிறதா, உரிமையாளரின் மீட்டரிலிருந்து பிரித்து அவர் வைக்கும் விலைக்கா என்று கேளுங்கள். நனைந்த கையை ஜன்னல் ஓரமாகவும் கதவுக்கடியிலும் பிடித்துப் பாருங்கள், காற்று வருவது உடனே தெரியும். அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தி மூலையைப் பாருங்கள். புதிதாக ஒரு மூலைக்கு மட்டும் வெள்ளை அடித்திருந்தால் காரணத்தைக் கேளுங்கள்.

குடிவந்தபிறகு, ஆணி அடிக்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. கதவு ஜன்னல் விளிம்பில் ஒட்டும் ஸ்பாஞ்ச் பட்டை, கதவுக்கடியில் தடுப்பு, ஒற்றைக் கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டி இழுத்துவிடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே காற்று சிக்கிக்கொள்வதால், ஜன்னல் வழியே போகும் சூடு கிட்டத்தட்டப் பாதியாகும். 2 சதுர மீட்டர் ஜன்னலுக்கு நாளுக்கு ஒன்றரை யூனிட், நான்கு மாதத்துக்கு 180 யூனிட். திரைச்சீலை கனமாக இருக்கட்டும், ஆனால் ஜன்னலுக்குக் கீழே உள்ள ஹீட்டரை அது மூடிவிடக் கூடாது. மூடினால் சூடு திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஏறி வெளியே போய்விடும், திரையில் தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. எரிவாயு அடுப்பு உள்ள இடத்தில் காற்றுக்கென்று விட்ட துளையை அடைக்கவே கூடாது.

படுக்கையில் மின்கம்பளியைப் பயன்படுத்துவதை நான் எல்லாருக்கும் சொல்கிறேன். 100 வாட் என்றே வைத்து எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடினாலும் 0.8 யூனிட். அறை சற்று ஆறியிருந்தாலும் உடம்பு குளிராது.

பாதுகாப்பைப் பற்றி ஒரே விஷயம். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கிறது, அதுவும் மணிக்கணக்காக. நீட்டிப்புப் பெட்டியில் செருகாமல் நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள். அரை மணி கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறது என்றால் அதை அன்றே மாற்றச் சொல்வது உரிமையாளரிடம் கேட்கவேண்டிய முதல் காரியம்.

நான் கணக்கெடுத்த அந்த அறையில் ஒரு சனிக்கிழமை ஜன்னலுக்குத் தாள் ஒட்டி, கதவு விளிம்புக்குப் பட்டை ஒட்டினேன். அடுத்து வந்த காற்றில்லாத இரவில், வெளியே அதே 3 டிகிரி இருந்தபோது, மறுபடி தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். 3 நிமிடம் எரிந்தது, 7 நிமிடம் அணைந்திருந்தது. 800 வாட் 600 ஆகியிருந்தது. இரண்டு இரவுகளின் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, தாள் வெறும் தற்காலிகம்தான், நல்ல ஜன்னல் போட்டால் இன்னும் எவ்வளவு இறங்கும் என்ற கணக்கோடு, வீட்டு உரிமையாளருக்கு அனுப்பி வைத்தேன். அந்தக் கோடையில் அவர் ஜன்னல் வேலைக்காரரை அழைத்து வந்து அளவெடுத்தார்.